டிரம்ஸ் ஹென்றி என்கிற சவரிமுத்து

எங்களைப் போன்ற பழைய மேடை இசைக்காரர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். காலையில் பூப்படம், மதியம் மூட்டுவலிக்குக் கைவைத்தியம், சாயங்காலம் யாருக்காவது இரங்கல். இப்படிப் போய்க்கொண்டிருந்த குழுவில் போன மாதம் கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒருவன் ஒரு வீடியோ போட்டான். வெளிநாட்டு ராக் இசைக் குழு, ரொம்பப் பழைய பேராம். மேடையில் நின்றவர்களில் பாடகர் ஒருவர்தான் தொடக்க கால ஆள். மற்றவர்கள் எல்லாம் இடையில் வந்து சேர்ந்தவர்கள். வீடியோவில் டிரம்ஸில் உட்கார்ந்திருந்த பையனின் அப்பாவுக்கே, அந்தக் குழு தொடங்கியபோது கல்யாணம் ஆகியிருக்காது. "இத அதே பேண்டுன்னு சொல்லி டிக்கெட் விக்கலாமாண்ணே?" என்று தம்பி கேட்க, விவாதம் கிளம்பிவிட்டது. ஒருவன் ஏமாற்று வேலை என்றான். இன்னொருவன் பாட்டு அதேதானே என்றான். கடைசியில், "சவரி அண்ணன்தான் சீனியர், அவரு எழுதட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எழுதுகிறேன். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்து எனக்கு வந்தது வேறு எதுவும் இல்லை, பொறாமைதான். டிரம்ஸ் பையனைக் காட்டும்போது கீழே அவன் பேரைப் போட்டார்கள். அவனுக்கு அவன் அப்பா அம்மா வைத்த பேர்.

நான் திண்டுக்கல்காரன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கோவில் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் போகும் பேண்டு செட்டில் சைடு டிரம் அடித்துப் பழகினேன். பிறகு மதுரைக்குப் போய் ஒரு அண்ணனிடம் காலும் கையும் தனித்தனியாக வேலை செய்யக் கற்றுக்கொண்டேன். கல்யாண வீடு, கட்சிக் கூட்டம், கிறிஸ்துமஸ் விழா என்று கிடைத்த இடத்தில் எல்லாம் அடித்தேன். அப்படி இருந்தபோதுதான் குணசீலன் மாஸ்டரிடமிருந்து ஆள் வந்தது. அவருடைய 'நீலச்சாரல் இன்னிசைக் குழு' அன்றைக்கு எங்கள் பக்கத்தில் பெரிய பேர். பழனி பக்கம் போனாலும் குஜிலியம்பாறை பக்கம் போனாலும், திருவிழா கமிட்டிக்காரர்கள் அந்தக் குழுவின் தேதி கிடைத்த பிறகுதான் சாமி புறப்பாட்டுக்கே நேரம் குறிப்பார்கள் என்று கேலியாகச் சொல்வார்கள்.

குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் பேர் ஹென்றி. ஆறடி உயரம், சுருட்டை முடி. குச்சியை மேலே எறிந்து பிடிப்பார். அவருக்கென்றே விசில் அடிக்கக் கூட்டம் வரும். அவருக்கு உல்லாசக் கப்பல் ஒன்றில் வாசிக்கிற வேலை கிடைத்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நெய்க்காரப்பட்டியில் மறுநாள் கச்சேரி. நோட்டீஸ் எல்லாம் ஒட்டியாகிவிட்டது. நான் வேனில் ஏறும்போது மாஸ்டர் ஒரு மெரூன் கலர் கோட்டைக் கொடுத்தார். பையில் தங்க நூலில் 'ஹென்றி' என்று தைத்திருந்தது. கை எனக்கு விரல் நுனி வரை தொங்கியது.

"கைய மடிச்சுக்க அப்பு. இன்னைக்கு நீதான் ஹென்றி" என்றார் மாஸ்டர்.

"என் பேரு சவரிமுத்து மாஸ்டர்."

"தெரியும். கமிட்டிக்காரன் ஆளப் பாத்துப் பேசல, பேரப் பாத்துப் பேசிருக்கான். ஹென்றி வரலன்னு சொன்னா அவன் மொகம் சுருங்கிப் போகும். திருவிழா அன்னைக்கு எதுக்கு அது?"

ஒரு நாளுக்குத்தானே என்று நினைத்தேன். மடித்த கையைப் பிரிக்காமலே என் வேலைக்காலம் முடிந்துவிட்டது.

பிறகுதான் தெரிந்தது, அந்தக் குழுவில் அதுதான் வழக்கம். அங்கே ஆள் போவான், பேர் போகாது. பாடகி கலா என்று நோட்டீஸில் வரும். நான் சேர்ந்தபோது பாடிக்கொண்டிருந்தவள் இரண்டாவது கலா. பிறகு வந்தவர்களை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கிடார்காரர் செத்துப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அவர் பேரில் இன்னொருவர் வத்தலக்குண்டில் வாசித்துக்கொண்டிருந்தார். குழுவில் தன் சொந்தப் பேரோடு வந்து, சொந்தப் பேரோடு போனவர் மாஸ்டர் ஒருவர்தான். அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

மாஸ்டரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதுதான் தொல்லை. குரலை உயர்த்தவே மாட்டார். யார் தப்பாக வாசித்தாலும் திரும்பிப் பார்ப்பதோடு சரி. வேனில் முன் சீட்டைப் பாடகிக்கு விட்டுவிட்டு, பின்னால் ஆர்மோனியப் பெட்டி மேல் உட்கார்ந்து வருவார். எவனுக்காவது தொண்டை கட்டினால் ஊருக்குள் போய் அவரே மிளகுப் பால் வாங்கி வருவார். அப்படிப்பட்ட மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

வேலை முறையும் கறாராக இருக்கும். வெயில் தாழ்வதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். முதலில் ஜமக்காளம் விரித்து, அதன் மேல் பேஸ் டிரம்மை வைத்து, அது நகராமல் இருக்க முன்னால் ஒரு செங்கல். தோலை முறுக்கும்போது ஒரு பக்கமாகவே போகக்கூடாது. ஒரு திருகு இந்தப் பக்கம் என்றால் அடுத்தது நேர் எதிர்ப்பக்கம். பனி இறங்கும் மாதத்தில் சாயங்காலம் முறுக்கியது கச்சேரி தொடங்குவதற்குள் தளர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே முறுக்கி வைப்பேன். முதல் பாட்டு அந்த ஊர்ச் சாமிக்கு. அம்மன் கோயில் என்றால் அம்மன், எங்கள் ஆட்கள் ஊர் என்றால் மாதா. அது முடிந்ததும் அறிமுகம். ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல, எழுந்து கும்பிட்டு, தன் வாத்தியத்தில் நாலு அடி அடித்துக் காட்டிவிட்டு உட்கார வேண்டும்.

அந்த அறிமுகத்தில் எத்தனை தடவை ஹென்றியாக எழுந்திருப்பேனோ தெரியாது. நான் சேர்ந்த புதிதில் அப்பா ஒருமுறை கச்சேரிக்கு வந்தார். அதுவரை அவருக்கு இந்தத் தொழிலே பிடிக்காது. அவர் கூட்டத்தில் நிற்பதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அன்றைக்கு வாசித்த மாதிரி பிறகு நான் வாசித்ததில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ஒம் மகன் வாசிப்பான்னு போனேன். அவன் வரல போல. யாரோ ஹென்றியாமே, அவருதான் வாசிச்சாரு. நல்லாத்தான் இருந்துச்சு." வாத்தியார் குத்தல் அது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவர் செத்த பிறகும் அந்தக் குத்தல் எனக்கு ஆறவில்லை.

நான் பெரிதாகச் சொல்ல நினைத்தது நான் சேர்ந்து சில வருடம் கழித்துக் குஜிலியம்பாறை பக்கத்தில் நடந்த ஒரு கச்சேரியைப் பற்றித்தான். மாரியம்மன் திருவிழா. மழை பார்க்காத காட்டு நிலம், காற்று அடித்தால் மேடை முழுக்கப் புழுதி. நான் சிம்பல் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பேண்ட் போட்ட ஒரு உயரமான ஆள் மேடைக்குக் கீழே வந்து நின்றார். முடிக்குச் சாயம் போட்டிருந்தார்.

"பேஸ் டிரம்முக்கு முன்னாடி செங்கல் வச்சிருக்கியா தம்பி? அது நகரும்" என்றார்.

"வச்சிருக்கேண்ணே. நீங்க யாரு?"

நாற்காலியின் முதுகில் தொங்கிய என் கோட்டைக் காட்டினார். "அதுல எழுதியிருக்கே."

ஹென்றி கப்பலிலிருந்து திரும்பி வந்துவிட்டார். கப்பல் கம்பெனி இசைக்காரர்களைக் குறைத்துவிட்டதாம். நான் பேச வாய் எடுப்பதற்குள் மாஸ்டரே வந்துவிட்டார். பார்த்த மாத்திரத்தில், "வா அப்பு. சாப்டியா?" என்றார். நேற்றுப் போய் இன்று வந்தவரைக் கேட்பது போலக் கேட்டார்.

"சாப்பாடு கெடக்கட்டும் மாஸ்டர். நான் திரும்ப வந்துட்டேன். என் எடத்துக்கு."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மனதுக்குப் பிடிக்காத காரியம் வந்தால் அதைத்தான் செய்வார்.

"இப்ப எங்கிட்ட ரெண்டு ஹென்றி. நோட்டீசுல ஒருத்தன்தான இருக்கான்."

"அந்த ஒருத்தன் நான்தான?"

"நீ கப்பலுக்குப் போனப்ப ஒன் கைய எடுத்துட்டுப் போன, கால எடுத்துட்டுப் போன. பேர எடுத்துட்டுப் போகல அப்பு. அத இம்புட்டு வருசமா நான்தான் சோறு போட்டு வளத்திருக்கேன். இந்தத் தம்பி அதுக்குத் தண்ணி ஊத்திருக்கான்."

ஹென்றி என்னைப் பார்த்தார். நான் துடைத்த சிம்பலையே மறுபடி துடைத்தேன். அவர் பேரை அவரிடம் கொடுத்தால் எனக்குச் சோறு இல்லை. கொடுக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

"அப்ப நான் யாரா வாசிக்கிறது?" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது.

"காங்கோ வாசிக்கிற மணிக்குக் காய்ச்சல். வரல. இன்னைக்கு நீ மணியா உக்காரு. நாளைக்குப் பேசுவோம்."

உட்கார்ந்தார். வேறு வழி என்ன இருந்தது அவருக்கு? எனக்குப் பக்கத்திலேயே காங்கோ மேளத்தைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மன் பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "அடுத்து, உங்கள் அபிமான டிரம்ஸ் ஹென்றி" என்றார். விசில் பறந்தது. நான் எழுந்து கும்பிட்டேன். திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் அவரும் எழுந்து கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். வேண்டுமென்று செய்யவில்லை. பேரைக் கேட்டதும் எழுந்துவிட்டார், அவ்வளவுதான்.

"ஏலே, ரெட்டப் புள்ளைகடா" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். ஊரே சிரித்தது. மாஸ்டர் ஆர்மோனியத்தை அழுத்தி அந்தச் சிரிப்பை மூடினார். ஹென்றி உட்கார்ந்தார். அடுத்த பேர், "காங்கோ மணி". யாரும் எழவில்லை. மாஸ்டர் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். அப்போதுதான் அது தன்னைத்தான் என்று அவருக்கு உறைத்தது. எழுந்து, தலையைக் குனிந்தபடி கும்பிட்டார். அந்தக் கும்பிடைப் பார்த்த எனக்கு முதல் இரண்டு பாட்டில் தாளமே நிற்கவில்லை.

நடுவில் ஊர்ப் பெரியவர்களுக்கு மாலை மரியாதை நடந்தது. நாங்கள் மேடைக்குப் பின்னால் போய் டீ குடித்தோம். ஹென்றி கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லா வாசிக்கிற. என்னய விட சுத்தமா இருக்கு" என்றார்.

"இல்லண்ணே."

"இருக்கு. ஆனா கேளு. நீ நல்லா வாசிச்சா எனக்கு நல்ல பேரு. கெட்டதா வாசிச்சா எனக்குக் கெட்ட பேரு. இதுல ஒனக்கு என்னதான் இருக்கு தம்பி?"

டீ கிளாஸை வைத்துவிட்டு, பஸ் இருக்கும்போதே போய்விடுகிறேன் என்று கிளம்பினார். மிச்சக் கச்சேரிக்குக் காங்கோ இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. பிறகு அவர் கோயம்புத்தூர் பக்கம் சர்ச்சுகளில் வாசிப்பதாகக் கேள்விப்பட்டேன். என்ன பேரில் வாசித்தாரோ.

அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அடுத்த வாரமே மாஸ்டரிடம் கேட்டேன், என் பேரை நோட்டீஸில் போடக்கூடாதா என்று.

"சவரிமுத்துன்னு போட்டா, கமிட்டிக்காரன் ஹென்றி எங்கன்னு கேப்பான். என்ன சொல்ல?"

"வேற ஆளு வந்திருக்குன்னு சொல்லுங்க. பழகிக்கிருவாங்க."

மாஸ்டர் சிரித்தார். "நீ மோசமா வாசிச்சிருந்தா எப்பவோ ஒன் பேரப் போட்டிருப்பேன் அப்பு. நல்லா வாசிக்கிற. அதுனாலதான் மாத்த முடியல."

இதைப் பாராட்டு என்று நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் ரெஜினாதான் கேட்டாள். ரெஜினா என் மனைவி. "அப்ப நீங்க நல்லா வாசிக்கிற வரைக்கும் ஒங்களுக்குப் பேரே கிடையாதா?" கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. "எம் புருசன ஊரான் பேருல கூப்பிடறத நான் காசு குடுத்தாலும் கேக்க மாட்டேன்" என்பாள்.

மாஸ்டர் காலமான பிறகு அவர் மகன் பிரபு குழுவை எடுத்தான். கீபோர்டில் பாதி வாத்தியம் வந்துவிட்டது. என் தோள்பட்டையும் இறங்கிவிட்டது. ஒரு பாட்டு அடித்தால் அடுத்த பாட்டுக்குக் கை தூக்க முடியவில்லை. "ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றான் பிரபு. மரியாதையாகத்தான் சொன்னான். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தான். நலம் விசாரிக்க வந்தான் என்று நினைத்தேன். கிளம்பும்போது, "அந்தக் கோட்ட மட்டும் குடுத்துருங்கண்ணே, புதுப் பையனுக்கு வேணும்" என்றான். ரெஜினா உள்ளேயிருந்து அதைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள்.

இந்த வருடம் குழுவுக்குப் பொன்விழா என்று பிரபு மறுபடி வந்தான். திண்டுக்கல்லிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. "நீங்க கண்டிப்பா முன் வரிசையில இருக்கணும்ணே" என்றான். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"பிரபு, எனக்குப் பொன்னாட வேணாம், ஷீல்டு வேணாம். ஒரே ஒரு தடவ அந்த மேடையில என் பேரச் சொல்லிக் கூப்பிடு. சவரிமுத்துன்னு. அம்புட்டுத்தான்."

"இதுல என்னண்ணே இருக்கு? கண்டிப்பா கூப்பிடறோம்" என்றான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை.

அவன் போனதும் ரெஜினா கேட்டாள், "நெசமாவே கூப்பிடுவானா?" பீரோவிலிருந்து பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். சொந்தக்காரர்கள் நாலு பேருக்குப் போன் போட்டு, "இவுகள மேடையில கூப்பிடுறாகளாம்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

விழாவுக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் இருந்தவர்களில் எனக்குத் தெரிந்த முகம் பிரபு ஒருவன்தான். பேர்கள் எல்லாம் தெரிந்த பேர்கள். கலா பாடினாள், இருபது வயது இருக்கும். காங்கோவில் மணி, கிடாரில் செத்துப்போனவர் பேரில் ஒரு பையன். டிரம்ஸில் மெரூன் கோட்டுப் போட்டு இன்னொரு பையன், ஒட்டன்சத்திரத்துப் பக்கம் என்றார்கள். குறை கண்டுபிடிக்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை. நன்றாகவே வாசித்தான். அவன் சொதப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன் குழுவில் கேட்டீர்களே, அது அதே பேண்டா என்று. அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. அறிவிப்பாளர் பெண், "ஐம்பது வருடங்களாக நம் குழுவின் தூணாக விளங்கும் டிரம்ஸ் ஹென்றி" என்றாள். முப்பது வயதுகூட ஆகாத அந்தப் பையன் எழுந்து கும்பிட்டான். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம், "இவன் வாசிப்ப நான் பள்ளிக்கூடத்துல படிக்கயில இருந்து கேக்குறேன். கை மாறவே இல்ல பாருங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

பாட்டெல்லாம் முடிந்து பொன்னாடை மரியாதை தொடங்கியது. ரெஜினா என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அறிவிப்பாளர் பெண் கையில் இருந்த போனைப் பார்த்து வாசித்தாள்:

"அடுத்ததாக, நமது டிரம்ஸ் ஹென்றி அவர்களுக்குப் பொன்னாடை அணிவித்துக் கௌரவிக்க, அவருடைய நீண்ட நாள் ரசிகர், திண்டுக்கல்லைச் சேர்ந்த திரு. சவரிமுத்து அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

ரெஜினா என் கையைப் பிடித்தாள். "போகாதீங்க" என்றாள்.

போயிருக்கக்கூடாதுதான். ஆனால் அந்த மேடையின் ஒலிபெருக்கியில் என் பேரை நான் கேட்டது அன்றைக்குத்தான். கால் எழுந்துவிட்டது. படியில் பிரபு கை கொடுத்து ஏற்றினான். "சொன்ன மாதிரியே கூப்பிட்டாச்சுல்லண்ணே?" என்றான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய சந்தோஷம் அவன் முகத்தில். வேறு எந்த மாதிரி என்னைக் கூப்பிட முடியும் என்று அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஹென்றி ஏற்கெனவே மேடையில் இருக்கும்போது, என்னை யார் என்று சொல்வான்?

பொன்னாடையை என் கையில் கொடுத்தார்கள். பையன் பணிவாகக் குனிந்தான். போர்த்திவிட்டேன். கோட்டுக் கை அவனுக்குச் சரியாக இருந்தது.

"ரொம்ப நன்றிங்கய்யா. எத்தன வருசமாங்க நம்ம வாசிப்பக் கேக்கறீங்க?" என்றான்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து" என்றேன்.

அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அறிவிப்பாளர் பெண்ணின் கையிலிருந்து மைக்கை வாங்கினான். "ஐயா, நான் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்தே என் வாசிப்பக் கேக்கறாருங்களாம்" என்றான்.

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. முன் வரிசையில் ரெஜினா மட்டும் எழுந்து, பட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, வெளியே போய்க்கொண்டிருந்தாள்.